பழைய சாட், புதிய மெசேஜிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை முறையில் நான் இன்றும் ஒரு சிறிய சானலை, அதாவது அரட்டை அறையை, நடத்திக்கொண்டிருக்கிறேன். அது தெரிந்ததும் பேச்சு பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகும். என் வயதுக்காரர்கள், "அதெல்லாம் எவ்வளவு நல்லா இருந்தது, ஏன் போச்சு?" என்பார்கள். இருபது வயதுக்காரர்கள், "அப்படி என்னதான் இருந்தது அதில்?" என்பார்கள். இரண்டு தரப்புக்கும் பல தடவை சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன்.

பழைய சாட்னு எதைச் சொல்றீங்க? வாட்ஸ்அப்பும் சாட்தானே?

பழையவற்றை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வகை அறைகள். அதில் மூத்தது ஐஆர்சி. 1988 ஆகஸ்டில், பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் இருந்த யார்க்கோ ஓய்காரினென் எழுதியது. # குறியோடு தொடங்கும் ஒரு பெயரைக் கொடுத்தால் அந்தச் சானலுக்குள் போய்விடலாம். அங்கே யார் இருக்கிறார்களோ அவர்களோடு பேசலாம்.

இரண்டாவது வகை நண்பர் பட்டியல். 1996 நவம்பரில் வந்த ஐசிக்யூ இதைப் பரவலாக்கியது. 1997-இல் ஏஓஎல் இன்ஸ்டன்ட் மெசஞ்சர், 1998-இல் யாஹூ பேஜர் (அடுத்த ஆண்டே யாஹூ மெசஞ்சர் என்று பெயர் மாறியது), 1999-இல் எம்எஸ்என் மெசஞ்சர், 2005-இல் நாமெல்லாம் ஜிடாக் என்று கூப்பிட்ட கூகுள் டாக். பட்டியலில் யார் பெயருக்கு அருகில் விளக்கு எரிகிறதோ அவரோடு பேசலாம். யாஹூவில் பட்டியலும் இருந்தது, அறைகளும் இருந்தன.

வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் எல்லாம் செல்பேசியில் பிறந்தவை. எழுத்து அனுப்புவதும் பெறுவதும் எல்லாவற்றுக்கும் பொதுதான். அவர் அந்த நேரத்தில் அங்கே இருக்கிறாரா என்ற கேள்வியில்தான் பழசும் புதுசும் பிரிகின்றன. இதை மூன்றாவது கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஐஆர்சிதான் உலகத்தோட முதல் சாட்டா?

இல்லை. 1973-இலேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், பிளேட்டோ என்ற கணினி அமைப்பில் டாக்கோமேட்டிக் என்ற நிரல் இருந்தது. அதில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அப்படியே எதிராளிக்குத் தெரியும். தயங்குவது, தவறாகத் தட்டி அழிப்பது, எல்லாமே தெரியும். யூனிக்ஸ் கணினிகளில் இருந்த டாக் என்ற நிரலும் அப்படித்தான். "அவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்" என்று இன்று மூன்று புள்ளிகள் ஆடுவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பழைய ஏற்பாட்டின் நிழல்தான் தெரிகிறது.

ஆன்லைன்ல இருக்கிறது அப்படி என்ன பெரிய விஷயம்? இப்பவும் 'ஆன்லைன்'னு காட்டுதே?

சொல் ஒன்றுதான், பொருள் மாறிவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒருவர் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வந்தால், அந்த நொடியில் அவர் செயலியைத் திறந்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். வேறு யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருக்கலாம். பேருந்தில் நின்றுகொண்டு ஒரு முகவரியைத் தேடிக்கொண்டிருக்கலாம். உங்களோடு பேச நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அன்று உள்ளே வருவதே ஒரு முடிவு. கணினி முன் உட்கார்ந்து, இணைப்புக் கொடுத்து, பாஸ்வேர்டு தட்டி உள்ளே நுழைய வேண்டும். அப்படி வந்தவர் பேசுவதற்கென்றே வந்தவர். ஏஓஎல் மெசஞ்சரில் நண்பர் உள்ளே வந்தால் கதவு திறக்கும் ஓசை கேட்கும். போனால் சாத்தும் ஓசை கேட்கும். அதைச் செய்தவர்கள் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். அது ஓர் இடம், அதற்கு ஒரு வாசல் இருந்தது.

வாசல் இருந்ததால் கிளம்பவும் முடிந்தது. "சரி, தூக்கம் வருது, நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போவோம். அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது. இப்போது நாம் பெரும்பாலும் விடைபெறுவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? பேச்சு பாதியில் நிற்கிறது. மூன்று நாள் கழித்து அதே வரிக்குக் கீழே வேறொன்று தொடங்குகிறது. எப்போதும் உள்ளேயே இருப்பவர் எங்கிருந்து கிளம்புவார்? நான் மனதார ஏங்குவது இந்த வருகைக்கும் விடைபெறலுக்கும்தான். கீழே சொல்லப்போகும் மற்ற வித்தியாசங்களில் பாதி இதிலிருந்தே வருகின்றன.

அப்போ நான் இல்லாத நேரத்துல யாராவது மெசேஜ் போட்டா என்ன ஆகும்?

ஐஆர்சியில் போனது போனதுதான். சர்வர் எதையும் சேமித்து வைக்காது. வரும் வரியை அந்த நேரத்தில் சானலில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடும். நீங்கள் பத்து மணிக்கு உள்ளே வந்தால் பத்து மணியிலிருந்துதான் உங்களுக்குப் பேச்சு. அதற்கு முன் நடந்ததை யாராவது சொன்னால் உண்டு. இந்தக் குறையைத் தீர்க்க, எப்போதும் இணைப்பில் இருக்கும் ஒரு கணினியில் பவுன்சர் என்ற நிரலை ஓடவிடுவோம். நாம் இல்லாதபோது நமக்காக அது கேட்டு வைத்துக்கொள்ளும்.

ஐசிக்யூ, யாஹூ இரண்டிலும் ஆஃப்லைன் மெசேஜ் உண்டு. மறுபடி உள்ளே வந்ததும் ஒரு குவியலாகக் கொட்டும். அப்படியும் சில வரிகள் தொலைந்துபோகும், போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பின் ஒரு டிக், இரண்டு டிக் தீர்த்துவைத்தது இந்தப் பிரச்சினையைத்தான். அது உண்மையான முன்னேற்றம். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

'அவே மெசேஜ்'னா என்ன? இப்ப இருக்கிற ஸ்டேட்டஸ்தானே?

கணினியை அணைக்காமல் எழுந்து போகும்போது உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைப்பீர்கள். "சாப்பிடப் போயிருக்கிறேன்", "நாளை தேர்வு, தொந்தரவு செய்யாதீர்கள்" என்று எதுவாகவும் இருக்கலாம். கவிதை வரிகளைப் போடுபவர்களும் உண்டு. ஒரே ஓர் ஆள் படிக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, எல்லோருக்கும் எழுதியது போலக் காட்டிக்கொண்டவர்களும் ஏராளம்.

வாட்ஸ்அப்பும் இதிலிருந்துதான் முளைத்தது. 2009-இல் ஜான் கூம் அதைத் தொடங்கியபோது, முகவரிப் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கு அருகிலும் அவர் இப்போது பேசும் நிலையில் இருக்கிறாரா என்று காட்டுவதுதான் திட்டம். மெசேஜ் அனுப்புவது பிறகு சேர்ந்தது. இன்றைய ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறையும் படமும் வீடியோவும். அதை யார் பார்த்தார்கள் என்ற பட்டியலும் உங்களுக்குக் கிடைக்கிறது. அவே மெசேஜை யார் படித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையே ஒரு சுகமாக இருந்தது.

முகம் தெரியாத ஆளுங்ககூட மணிக்கணக்கா எப்படிப் பேசினீங்க?

எழுதுவதை வைத்துத்தான் ஆளை எடை போட்டோம். ஒருவருக்கு நிக் என்ற புனைபெயர் மட்டும்தான் இருக்கும். வயது, ஊர், வேலை, படம் எதுவும் தெரியாது. கேட்ட கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறாரா, சண்டையில் நிதானமாக இருக்கிறாரா, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறாரா, இதெல்லாம் சில வாரங்களில் தெரிந்துவிடும். பள்ளி மாணவரிடம் நிரல் கற்றுக்கொண்ட பேராசிரியர்கள் இருந்திருக்கலாம். இருவருக்குமே அது தெரிந்திருக்காது. செல்பேசி எண்ணே அடையாளம் என்றானபின் இப்படிப்பட்ட சந்திப்பு அரிதாகிவிட்டது. எண்ணைக் கொடுத்தால் ஆளையே கொடுத்ததாகிவிடுகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஏறக்குறைய ஏழு வருடம் இரவுதோறும் நான் பேசிய ஒருவர் இருந்தார். என் முதல் பெரிய நிரலில் இருந்த பிழைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். என் அப்பா மருத்துவமனையில் இருந்தபோது விடிய விடிய என்னோடு விழித்திருந்தவர். ஒரு நாள் வழக்கம்போல "குட்நைட்" போட்டுவிட்டுப் போனார். திரும்ப வரவில்லை. யாரிடம் விசாரிப்பது? எனக்கு அவருடைய நிக்கைத் தவிர வேறெதுவும் தெரியாது. இன்றும் சானலில் ஆட்கள் வந்துபோகும் வரிகளில் என் கண் அந்தப் பெயரைத் தேடுகிறது.

பயமா இல்லையா? தப்பான ஆட்கள் இருந்திருப்பாங்களே?

இருந்தார்கள். பொது அறைகளில் அசிங்கம் சர்வ சாதாரணம். குழந்தைகளைத் தேடி வந்தவர்களும் இருந்தார்கள். இதை மறைத்துவிட்டுப் பழங்காலத்தைப் புகழ்வது நேர்மையாகாது. எம்எஸ்என் 2003-இல் பல நாடுகளில் தன் இலவச அறைகளை மூடியதும், பயனர்கள் தாங்களே உருவாக்கிக்கொண்ட அறைகளை 2005-இல் யாஹூ மூடியதும் குழந்தைகளின் பாதுகாப்பு பற்றிய கவலையால்தான். ஒரு பெண் பெயரோடு உள்ளே நுழைந்தால் அடுத்த நிமிடமே "வயது, பால், ஊர்?" என்று பத்துப் பேர் தனியறையில் தட்டுவார்கள். அந்தத் தொல்லைக்குப் பயந்தே ஆண் நிக் வைத்துக்கொண்ட தோழிகளை எனக்குத் தெரியும். சிலருக்கு அந்தக் காலம் என் நினைவில் இருப்பதுபோல இனிமையானது இல்லை.

சானலுக்கும் வாட்ஸ்அப் குரூப்புக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் கூட்டம்தானே?

சானலுக்கு நீங்கள் போகிறீர்கள். குரூப்பில் உங்களைச் சேர்க்கிறார்கள். பார்த்தால் சின்ன வித்தியாசம், ஆனால் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. உங்கள் எண்ணை வைத்திருக்கும் யாரும் உங்களைக் கேட்காமலே குரூப்பில் சேர்க்கலாம் என்பதுதான் நெடுநாள் வழக்கமாக இருந்தது. யார் சேர்க்கலாம் என்று நாமே தீர்மானிக்கும் வசதியை வாட்ஸ்அப் 2019-இல்தான் கொடுத்தது.

வெளியேறுவதைப் பாருங்கள். சானலிலிருந்து ஒரு நாளில் பத்து முறை வெளியே போவோம், பத்து முறை உள்ளே வருவோம். யாரும் அதற்கு அர்த்தம் கற்பித்ததில்லை. குடும்பக் குரூப்பிலிருந்து ஒரு முறை வெளியேறிப் பாருங்கள். அடுத்த அரை மணி நேரத்தில் "என்ன கோபம்?" என்று போன் வரும். "இன்னார் வெளியேறினார்" என்ற வரி அவ்வளவு கனமாகிவிட்டதால், அட்மினுக்கு மட்டும் அறிவிப்பு போகும்படி சத்தமில்லாமல் வெளியேறும் வசதியை 2022-இல் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இன்னொன்று, சானல் ஒரு பொருளைச் சுற்றி அமையும். மேலே டாபிக் என்று ஒரு வரி இருக்கும், புதிதாக வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். குரூப் பெரும்பாலும் உறவைச் சுற்றி அமைகிறது: இந்தத் தெரு, அந்த வகுப்பு, இந்தக் குடும்பம். உறவை விட்டு வெளியேற முடியாதல்லவா, அதனால்தான் மியூட் பொத்தான் இத்தனை பேருக்குத் தேவைப்படுகிறது.

'நெட்ஸ்ப்ளிட்'னு ஒரு வார்த்தை அடிக்கடி சொல்வீங்களே?

ஐஆர்சி ஒரே கணினியில் ஓடுவதில்லை. பல சர்வர்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும். நடுவில் ஒரு கை விட்டுப்போனால் கூட்டம் இரண்டாகப் பிளக்கும். திடீரென்று சானலில் பாதிப் பேர் ஒரே நொடியில் காணாமல் போவார்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நாம் காணாமல் போயிருப்போம். சில நிமிடங்களில் இணைப்பு மீண்டதும் எல்லோரும் வரிசையாகத் திரும்பி வருவார்கள். முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். பழகியவர்கள் தேநீர் போட எழுந்து போவார்கள்.

தமிழ்ல டைப் பண்ண முடிஞ்சுதா?

முதலில் ஆங்கில எழுத்தில்தான் தமிழ். எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு பரவும்வரை ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். நான் தமிழில் அனுப்பியது உங்கள் திரையில் கேள்விக்குறிகளாகவோ கட்டங்களாகவோ வந்து நிற்கும். இருவரும் ஒரே எழுத்துருவை நிறுவிக்கொண்டால்தான் படிக்க முடியும்.

ஐஆர்சியில் இன்னொரு சிக்கல். 1993-இல் எழுதப்பட்ட அதன் விதிப்படி ஒரு செய்திக்கு 512 பைட்தான் எல்லை. கட்டளை, சானல் பெயர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் 'க' என்றால் மூன்று பைட், 'கி' என்றால் ஆறு, புள்ளி வைத்த 'க்' என்றாலும் ஆறு. ஆங்கிலத்தில் ஒரு பத்தியே எழுதும் இடத்தில் தமிழில் இரண்டு மூன்று வாக்கியங்களோடு வரி அறுந்துவிடும். இந்த விஷயத்தில் பழங்காலத்தின் மேல் எனக்கு ஏக்கம் துளியும் இல்லை. இன்று ஒரு பாட்டி தன் பேரனுக்குத் தமிழிலேயே எழுதுகிறார், அல்லது குரலைப் பதிந்து அனுப்புகிறார். அந்தப் பாட்டிக்குப் பழைய சாட்டில் இடமே இருந்ததில்லை.

இவ்வளவு பேர் பயன்படுத்தினதை ஏன் மூடினாங்க?

எம்எஸ்என் 2013-இல் பெரும்பாலான நாடுகளில் நின்றது, மைக்ரோசாஃப்ட் எல்லோரையும் ஸ்கைப்புக்கு அனுப்பியது. அந்த ஸ்கைப்பும் 2025 மே மாதத்தில் போய்விட்டது. யாஹூ அறைகள் 2012 டிசம்பரில், யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலை 17-இல், ஏஓஎல் மெசஞ்சர் 2017 டிசம்பர் 15-இல். ஐசிக்யூதான் கடைசிவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது, 2024 ஜூன் 26 வரை.

காரணம் செல்பேசி. பழைய மெசஞ்சர்கள் கணினி எப்போதும் இணைப்பில் இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்டவை. செல்பேசியில் இணைப்பு நொடிக்கொரு தடவை அறுந்து ஒட்டும், எந்நேரமும் ஒரு நிரலை ஓடவிட்டால் பேட்டரி தாங்காது. செய்தி வந்தால் மட்டும் செயலியை எழுப்பும் புஷ் நோட்டிஃபிகேஷன் வந்ததும் ஆட்டம் மாறியது. கூடவே, புதிதாக ஒரு பெயரும் பாஸ்வேர்டும் தேவையில்லை, உங்கள் எண்ணே போதும், உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் பெயர்களே நண்பர் பட்டியல் என்றது வாட்ஸ்அப். எழுபது வயதுக்காரருக்கும் அது புரிந்தது. பழைய நிறுவனங்கள் அசந்திருந்தன என்பதும் உண்மை. ஐசிக்யூவை 1998-இல் 40 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்க ஒப்புக்கொண்ட ஏஓஎல், 2010-இல் 18.75 கோடி டாலருக்கு விற்றது.

வேற வேற ஆப்ல இருந்தும் ஒருத்தரோட ஒருத்தர் பேசலாம்னு சொல்றாங்க. நிஜமாவா?

ஓரளவு நிஜம். முதலில், ஒரே நிரலுக்குள் எல்லாக் கணக்குகளையும் திறந்து வைக்கலாம். பிட்ஜின், டிரில்லியன் போன்றவை அதற்காகவே இருந்தன. யாஹூ நண்பரும் எம்எஸ்என் நண்பரும் ஒரே பட்டியலில் நிற்பார்கள். ஆனால் அவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியாது.

உண்மையான திறப்பு ஜாபர் என்ற அரட்டை முறை. 1999-இல் ஜெரமி மில்லர் அறிமுகப்படுத்தினார், பின்னர் எக்ஸ்எம்பிபி என்று பெயர் பெற்றது. மின்னஞ்சல் போலவே வேலை செய்யும். உங்கள் கணக்கு ஒரு சர்வரில், என் கணக்கு வேறொன்றில், இருந்தும் பேசலாம். கூகுள் டாக் இதன்மேல்தான் கட்டப்பட்டது. 2006 தொடக்கத்திலிருந்து வெளிச் சர்வர்களோடும் பேச அனுமதித்தது. என் நண்பர் தன் வீட்டுக் கணினியில் நடத்திய சர்வரிலிருந்து என் ஜிமெயில் பக்கத்துக்குப் பேசுவார். எனக்கு அது அன்று ஓர் அற்புதமாகவே தோன்றவில்லை, இப்படித்தானே இருக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். 2013-இல் கூகுளின் அடுத்த சாட் செயலியான ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இப்போது சட்டம் போட்டு, வாட்ஸ்அப் போன்ற பெரிய செயலிகள் கேட்கும் பிற செயலிகளோடு பேச வழிவிட வேண்டும் என்கிறது. ஒரு காலத்தில் சும்மா கிடைத்ததைச் சட்டம் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

திறந்த முறையின் பலத்தை நான் கண்ணால் கண்டது 2021 மே மாதத்தில். ஃப்ரீநோடு என்ற பெரிய ஐஆர்சி வலையமைப்பு யார் கையில் இருப்பது என்று தகராறு வந்தது. அதை நடத்திய தன்னார்வலர்கள் விலகி லிபரா சாட் என்ற புதியதைத் தொடங்கினார்கள். சில வாரங்களில் நூற்றுக்கணக்கான சானல்கள் அங்கே குடிபெயர்ந்துவிட்டன. நான் மாற்றியது என் நிரலில் ஒரே ஒரு சர்வர் முகவரி. அதே சானல் பெயர், அதே மனிதர்கள். வாட்ஸ்அப்பை நாளை பிடிக்காமல் போனால் உங்கள் கூட்டத்தை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

பழசுதான் பிரைவசிக்கு நல்லதா? அப்போ யாரும் நம்மை வேவு பார்க்கலையே?

இல்லவே இல்லை. இந்தத் தவறான எண்ணத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அன்றைய செய்திகள் பெரும்பாலும் மூடாத அஞ்சலட்டைகளாகவே பயணித்தன. அதே வலையமைப்பில் இருக்கும் ஒருவர், சர்வரை நடத்துபவர், வழியில் நிற்பவர் என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஐஆர்சியில் உங்கள் இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியே எல்லோருக்கும் தெரிந்தது. அதை வைத்து உங்கள் இணைப்பையே முடக்குபவர்கள் இருந்தார்கள்.

வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லாச் செய்திகளுக்கும் முனைக்கு முனை மறையாக்கம் கொண்டுவந்தது, சிக்னலை உருவாக்கியவர்களின் முறையை வைத்து. நீங்கள் எழுதியதை நடுவில் இருக்கும் நிறுவனமே படிக்க முடியாது. ஆனால் நீங்கள் யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் என்பது மறையாக்கத்துக்குள் வராது. பேக்கப்பை மறையாக்கம் செய்வதை நீங்களே இயக்க வேண்டும். டெலிகிராமில் சாதாரண அரட்டை முனைக்கு முனை மறையாக்கம் கொண்டதல்ல, 'ரகசிய அரட்டை' மட்டும்தான். சுருக்கமாகச் சொன்னால், அன்று பேச்சு திறந்து கிடந்தது, ஆள் மறைந்திருந்தார். இன்று பேச்சு மூடியிருக்கிறது, ஆள் வெளிச்சத்தில் நிற்கிறார்.

டிஸ்கார்டு, ஸ்லாக் எல்லாம் ஐஆர்சி மாதிரிதானே? அப்புறம் ஏன் ஏக்கம்?

வடிவத்தில் பிள்ளைகள்தான். சானல் பெயருக்கு முன்னால் வரும் # குறி அப்படியே வந்திருக்கிறது. ஸ்லாக்கில் 2018 மே வரை ஐஆர்சி நிரல் வழியாகவே நுழையவும் முடிந்தது, பிறகு நிறுத்திவிட்டார்கள். புதியவர்களுக்கு நான் தயங்காமல் டிஸ்கார்டைப் பரிந்துரைப்பேன். குரலில் பேசலாம், படம் போடலாம், நேற்றைய பேச்சைப் படிக்கலாம். ஆனால் வீடு அவர்களுடையது. எத்தனை நாள் பேச்சு தெரிய வேண்டும், எந்த நிரலில் திறக்க வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்கிறார்கள். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய பேச்சைப் பார்க்க முடியாது. பேச்சைச் சேமிக்காத ஐஆர்சி என்னை ஏமாற்றியதில்லை, ஏனென்றால் அது சேமிப்பதாக ஒருபோதும் சொன்னதில்லை.

என் பழைய சாட் எல்லாம் எங்கேயாவது இருக்குமா? மீட்க முடியுமா?

பழைய வன்தட்டு இருந்தால் நம்பிக்கை உண்டு. ஐஆர்சி நிரலான எம்ஐஆர்சி, பிட்ஜின் இரண்டும் பேச்சைச் சாதாரண உரையாகவோ இணையப் பக்கமாகவோ எழுதி வைக்கும், அப்படியே திறந்து படிக்கலாம். யாஹூ மெசஞ்சர் வைத்த கோப்புகள் குழப்பமான எழுத்துகளாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அது உங்கள் யாஹூ பெயரையே சாவியாக வைத்துச் செய்த எளிய மறைப்பு. பெயர் நினைவிருந்தால் பிரித்துப் படிக்கும் இலவச நிரல்கள் இருக்கின்றன. ஜிமெயிலில் பேசியவை உங்கள் கணக்கிலேயே in:chats என்று தேடினால் கிடைக்கக்கூடும். சர்வரில் மட்டும் இருந்தவை சர்வரோடு போய்விட்டன.

கிடைத்தால் தனியாக உட்கார்ந்து படியுங்கள். பொதுவில் போடுவதற்கு முன் எதிர்ப்பக்கம் இருந்தவரிடம் கேளுங்கள். அந்த வரிகளில் பாதி அவருடையது.

உண்மையைச் சொல்லுங்க, நீங்க மிஸ் பண்றது சாட்டையா, உங்க இளமையையா?

இரண்டையும். இரவு மூன்று மணிவரை விழித்திருக்கும் உடம்பையும், மறுநாள் கவலை இல்லாத மனதையும் எந்த நிரலும் திருப்பித் தராது. பழைய ஒலியைக் கேட்டதும் நெஞ்சு துள்ளுவது வெறும் நினைவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். உள்ளே வந்து வெளியே போவது, சேர்க்கப்படாமல் தானாகச் சேர்வது, கூட்டத்தை வேறிடத்துக்கு எடுத்துப்போவது, எண்ணைக் கொடுக்காமல் பழகுவது ஆகிய நான்கும் அமைப்பின் குணங்கள். என் வயதுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. என் சானலுக்குச் சமீபத்தில் வந்த கல்லூரி மாணவி ஒருவர் யாஹூவைப் பார்த்ததே இல்லை. "இங்கே யாரும் நான் படிச்சேனான்னு பார்க்கிறதில்லை, அதான் பிடிச்சிருக்கு" என்றார். அவருக்கு ஏங்க எந்தக் கடந்த காலமும் இல்லை.

இப்ப ஐஆர்சியில சேரணும்னா என்ன செய்யணும்?

முதல் தடவைக்கு எதையும் நிறுவ வேண்டாம். லிபரா சாட் தளத்திலேயே உலாவியில் திறக்கும் வசதி இருக்கிறது. ஒரு நிக், ஒரு சானல் பெயர், போதும். பிடித்திருந்தால் வீசாட் (WeeChat, சீனச் செயலி அல்ல), எம்ஐஆர்சி போன்ற ஒரு நிரலை நிறுவி, மறையாக்கத்தோடு இணைய 6697 என்ற போர்ட்டை (சர்வரின் வாசல் எண்) பயன்படுத்துங்கள். நிக்சர்வ் என்ற சேவையிடம் உங்கள் நிக்கைப் பதிந்துகொள்ளுங்கள், வேறு யாரும் எடுக்காமல் இருக்கும்.

மிக முக்கியமானது பொறுமை. "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் கிளம்புபவர்களைத் தினமும் பார்க்கிறேன். பட்டியலில் நாற்பது பெயர் இருந்தாலும் அதில் பலர் நான்காவது பதிலில் சொன்ன பவுன்சர்கள்தான். கேள்வியை முழுதாக எழுதிவிட்டு ஒரு மணி நேரம் சன்னலைத் திறந்தே வைத்திருங்கள். யாராவது வருவார்கள்.

எங்க பழைய கூட்டத்தை மறுபடி ஒண்ணு சேர்க்கணும். எல்லாரையும் ஐஆர்சிக்கு வரச் சொல்லலாமா?

நான் செய்து பார்த்தேன். இருபத்திரண்டு பேரை அழைத்தேன், மூன்று பேர் வந்தார்கள், இரண்டு வாரத்தில் நான் மட்டும் இருந்தேன். அவர்கள்மேல் தப்பில்லை. குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு வருபவர்களிடம் போர்ட் எண்ணைப் பற்றிப் பேசினால் எப்படி?

இரண்டாம் தடவை எல்லோரும் ஏற்கெனவே இருக்கும் வாட்ஸ்அப்பிலேயே ஒரு குரூப் தொடங்கினேன். பேச்சு சனிக்கிழமை இரவு ஒன்பது முதல் பத்தரை வரை மட்டும். மற்ற நேரத்தில் அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டிவிடுவேன். ஃபார்வர்டு கூடாது. மறையும் செய்திகளை 7 நாளுக்கு வைத்திருக்கிறோம், பழையதைத் தோண்ட ஒன்றும் இல்லை. வருபவர் வந்ததைச் சொல்ல வேண்டும், கிளம்புபவர் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். வராதவரை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

வாரத்துக்கு ஆறேழு பேர் வருகிறார்கள். போன சனிக்கிழமை, மாதக்கணக்கில் தலைகாட்டாத ஒருவர் பத்து மணிக்கு "வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை போட்டார். ஒரே நேரத்தில் நான்கு பேர் தட்டச்சு செய்வது தெரிந்தது. அன்று பூட்டைப் பதினொன்றே காலுக்குத்தான் போட்டேன்.